எட்டில் முடியாத எண்

என் தங்கை ஃபாத்தின் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஆண்டுகளைச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

2005இல் மூன்றாம் வகுப்புப் பெருக்கல் வாய்ப்பாட்டுப் போட்டியில், காய்ச்சலோடு போய், முதல் பரிசு. பரிசு ஓர் அடிக்கோல். 2013இல் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் கணக்குப் பாடத்தில் ஏ பிளஸ். அந்த ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை அவள் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியரே இல்லை. பள்ளி மலரில் ஏ பிளஸ்ஸைப் போட்டார்கள். மற்றதை இடமில்லாததால் விட்டுவிட்டார்கள். 2014இல் பொலிடெக்னிக்கில் இடம், மூன்றாவது மேல்முறையீட்டுக் கடிதத்துக்குப் பிறகு. கடிதம் வருவது நிற்க வேண்டும் என்பதற்காகவே இடம் கொடுத்ததாக அந்த அதிகாரி தொலைபேசியில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்து வென்றது ஒரு நாற்காலி. பினாங்கில், ஜெலுத்தோங் பகுதியில் ஒரு கட்டடத்தின் 3A மாடியில் இருக்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் அது. மூன்றாம் மாடிக்கு மேலே, ஐந்தாம் மாடிக்குக் கீழே. 2018 அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஏர்கோன் தண்ணீர் சொட்டும் இடத்தில் அவளை உட்காரவைத்தார்கள். அவள் முறையிடவில்லை. கீழே ஒரு வாளி வைத்து, தினமும் எத்தனை மில்லிலிட்டர் சேர்ந்தது என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். பதினான்கு மாதத்தில் பட்டியல் கதவுவரை வந்துவிட்டது. கதவைத் திறக்க முடியாமல் போனதும் ஜன்னல் ஓரம் வேறு இடம் கொடுத்தார்கள்.

வெல்லாதது ஒன்றே ஒன்று: நிரந்தர வேலை. பதினொரு மாத ஒப்பந்தம், ஒரு மாதம் வீட்டில், மறுபடியும் பதினொரு மாத ஒப்பந்தம். இப்படி ஐந்து முறை. ஐந்தாவது ஒப்பந்தம் 2023 செப்டம்பர் 15ஆம் தேதி முடிவதாக இருந்தது.

நிறுவனம் செய்வது, கையுறைத் தொழிற்சாலைகளில் ஓடும் கேமரா இயந்திரங்களுக்கான மென்பொருள். ரப்பர் கையுறையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்த இயந்திரம் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். மென்பொருளைத் திருத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பும்போதெல்லாம் கூடவே ஒரு தாள் போகும். பதிப்பு எண், என்ன மாறியது, பொறுப்பாளர் கையெழுத்து என்று மூன்று கட்டம். நிரந்தர ஊழியர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஃபாத்தின் செய்த வேலைக்கெல்லாம் அவளுடைய மேலாளர் புவனேஸ்வரன் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான கையெழுத்து. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இனி அந்தப் பதிப்பு எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிறுவனத்தின் பழைய முறை எளிமையானது. தேநீர் கலக்கும் பேன்ட்ரியில் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கணினி இருந்தது. மென்பொருளில் யார் என்ன திருத்தம் செய்தாலும் அந்தக் கணினியில் போட வேண்டும். போட்டதும் அது ஓர் எண் கொடுக்கும். அஞ்சலகத்தில் வரிசைச் சீட்டு எடுப்பதுபோல, முந்தையதைவிட ஒன்று கூடுதல். அந்த எண்தான் பதிப்பு எண்ணின் வால். மென்பொருள் 3.2 என்றால், பதினெட்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சமாவது திருத்தத்தோடு அனுப்பும்போது 3.2.18700 சொச்சம். மனிதர் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எண் தானாக ஏறும்.

ஆனால் எங்கள் பினாங்கில் ஓர் எண்ணைத் தானாக ஏறும்படி யாரும் விட்டுவைப்பதில்லை.

முதலாளி மிஸ்டர் ஊய் சீனர், நான்கைச் சாவுக்கு உரியதாக நினைப்பவர். தொழிற்சாலைக்குப் போகும் எண் எட்டில் முடிந்தால்தான் அவருக்கு நிம்மதி. புவனேஸ்வரன் அண்ணனுக்கோ எட்டு சனியின் எண். அவர் எல்லா இலக்கங்களையும் கூட்டுவார், வருவதை மறுபடி கூட்டுவார், எட்டு வந்தால் தாளைத் தொட மாட்டார். ஆக, எண் எட்டில் முடியவும் வேண்டும், கூட்டினால் எட்டு வரவும் கூடாது. ஒரு தடவை 18728 வந்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி. அண்ணன் கூட்டினார்: இருபத்தாறு, இரண்டும் ஆறும் எட்டு. பேனாவை மூடிவிட்டார். அடுத்துப் பொருந்தும் எண் 18738. கூட்டினால் ஒன்பது. அதுவரை எண்ணை ஏற்ற வேண்டும்.

ஏற்றியது என் தங்கை. நிரலில் ஒரு வரியின் கடைசியில் ஓர் இடைவெளி சேர்ப்பாள், கணினியில் போடுவாள். ஓர் எண் ஏறும். அந்த இடைவெளியை எடுப்பாள், மறுபடி போடுவாள். இன்னோர் எண் ஏறும். பத்துத் தடவை. மென்பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், எண் மட்டும் நல்ல நேரத்துக்கு வந்து சேரும். பொலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு படித்ததற்கு இது நல்ல பயிற்சி. பக்கத்து மேசை அர்ஜுனன், "ஸ்பேஸ் இஞ்சினியர் வந்தாச்சு லா" என்று காலையில் வரவேற்பானாம்.

இன்னொன்றும் உண்டு. பேன்ட்ரி கணினிக்கு முதல் நாள் அண்ணன் பெயரில்தான் கணக்குத் திறந்தார்கள். மற்றவர்களுக்குத் தனித்தனியாகத் திறக்க வேண்டும் என்று ஒன்பது ஆண்டாக யாருக்கும் தோன்றவில்லை. நிரல் எழுதும் நான்கு பேரும் அந்த ஒரே பெயரில் திருத்தம் போட்டார்கள். பதிவுகளைப் பார்த்தால் எல்லா வேலையும் புவனேஸ்வரன் செய்தது. அவர் சபரிமலைக்குப் போயிருந்த பதினாறு நாளிலும் தினமும் சராசரி ஏழு திருத்தம் போட்டிருக்கிறார்.

2023 ஜூலையில் பேன்ட்ரி கணினி படுத்துவிட்டது. தரவு தப்பியது. எல்லோரும் பயன்படுத்தும் கிட் என்ற புதிய முறைக்கு மாறினார்கள். இதில் ஆளுக்கொரு முழுப் பிரதி இருக்கும்; திருத்தம் போடுபவரின் பெயரும் மின்னஞ்சலும் ஒவ்வொன்றிலும் பதிவாகும்; வாடிக்கையாளர் கேட்டால் அந்தப் பதிவுகளைக் காட்டலாம். காட்டலாம் என்றதும் அண்ணனுக்கு வியர்த்தது.

"ஃபாத்தின், மாத்துறப்ப அந்த ஸ்பேஸ் அடிச்சதெல்லாம் எடுத்துரு. வெளியாளு பார்த்தா மானம் போயிரும்."

"எல்லாத்தையுமா அண்ணே?"

"ஒண்ணு விடாம."

அவள் சொல்வதைச் செய்வாள். ஒன்று விடாமல் எடுத்தாள். ஏற்கெனவே கைவிட்டிருந்த கார்ப் பார்க் மென்பொருளின் திருத்தங்களும் அந்தக் கணினியிலேயே கலந்திருந்தன, அவையும் போயின. 18768 திருத்தங்களில் மிஞ்சியது 11203. ஒன்பது ஆண்டு உழைப்பில் உழைப்பு எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது.

புதிய முறையில் இன்னொரு வசதிக் குறைவும் இருந்தது. திருத்தத்துக்கு அது வரிசை எண் கொடுப்பதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நாற்பது இலக்கப் பெயர் ஒன்றைக் கொடுக்கும். மிஸ்டர் ஊய் திரையை உற்றுப் பார்த்தார்.

"இதுல எது நம்பர்?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

"எல்லாம் சேர்த்து ஒரு பேரு மாதிரி, பாஸ்," என்றாள் ஃபாத்தின்.

"நேத்து வந்ததவிட இன்னிக்கு வந்தது பெருசா?"

"அதுல பெருசு சின்னது இல்ல பாஸ்."

"இதைவிடப் பேன்ட்ரி கம்ப்யூட்டர் புத்திசாலி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் இருக்கும் இயந்திரம் எண்ணைத்தான் பார்க்கும். தன்னிடம் இருப்பதைவிடப் பெரிய எண்ணாக இருந்தால் புதிய மென்பொருளை ஏற்கும். சின்னதாக இருந்தால் பழையது என்று திருப்பிவிடும். ஆகவே எண்ணைப் புதிதாக உண்டாக்கும் ஒரு வழி வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி மிஸ்டர் ஊய் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: ஆறாவது ஒப்பந்தம் கிடையாது. நிபோங் திபால் ஊரிலுள்ள கையுறைத் தொழிற்சாலைக்கு, அவர்களுடைய இயந்திரங்கள் ஏற்றுக்கொள்ளும் எண்ணோடு, அவள் ஒப்பந்தம் முடிவதற்குள் மென்பொருள் போய்ச் சேர்ந்தால் நிரந்தரம். சேராவிட்டால் நன்றி, வணக்கம்.

வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னாள். எங்கள் அம்மா உடனே வழி சொன்னார்.

"கடைசியில எழுநூத்தி எம்பத்தாறு வர்ற மாதிரி போட்டுப் பாரேன். நல்லதும்மா."

"ஒரு ஆபீஸ்ல ரெண்டு பேருக்கே தாங்கலம்மா. நீ மூணாவதா வராதே."

முதல் முயற்சி நேரடியானது. இருக்கும் திருத்தங்களை எண்ணி, அந்த எண்ணிக்கையையே வாலாக வைத்தாள். 3.2.11203. சோதனைக்கு நிபோங் திபாலுக்கு அனுப்பினாள். தொழிற்சாலையின் டெக்னீஷியன் ஹைக்கல் காலையில் அழைத்தான்.

"அக்கா, மெஷின் வாங்க மாட்டேங்குது. இது பழசாம்."

"பழசில்ல, போன வாரம் பண்ணது."

"எங்கிட்டச் சொல்லி என்ன? மெஷின்கிட்டச் சொல்லுங்க. அது பதினெட்டாயிரத்துல இருக்கு, நீங்க பதினோராயிரத்தக் கொண்டாந்து நீட்டுறீங்க."

மானம் காப்பதற்காக எடுத்துப் போட்ட இடைவெளிகள் எல்லாம் அந்தப் பதினெட்டாயிரத்தில் இருந்தன. இயந்திரத்தைப் பொறுத்தவரை அவையும் உழைப்புத்தான்.

இரண்டாவது முயற்சியில் காணாமல் போனதைக் கூட்டிக்கொடுத்தாள். 18768 கழித்தல் 11203, ஆக 7565. திருத்தங்களின் எண்ணிக்கையோடு எப்போதும் 7565 சேர்க்கும்படி எழுதினாள். அவள் கணினியில் 18771 என்று சரியாக வந்தது. ஆனால் அனுப்ப வேண்டிய மென்பொருளைத் தயாரிப்பது தனியாக ஒரு பொதுக் கணினி. அதைப் பில்ட் மெஷின் என்பார்கள். அங்கே 7615 வந்தது. ஒரு பகல் முழுக்கத் தேடினாள். நேரம் மிச்சமாகட்டும் என்று அர்ஜுனன் அந்தக் கணினியைக் கடைசி ஐம்பது திருத்தங்களை மட்டும் எடுத்துவரும்படி வைத்திருந்தான். அதற்கு உலகம் தோன்றியே ஐம்பது திருத்தம்தான் ஆகிறது. ஐம்பதோடு 7565 சேர்த்துக் கடமையைச் செய்திருக்கிறது.

புவனேஸ்வரன் அண்ணன் எட்டிப் பார்த்து, விரல் விட்டுக் கூட்டினார். "பத்தொம்போது... பத்து... ஒண்ணு. சூரியன்மா! நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணே. மெஷின் வாங்காது, அவ்வளவுதான்."

முழு வரலாற்றையும் எடுத்துவரும்படி மாற்றினாள். ஏன் மாற்றினாள் என்று ஒரு தாளில் எழுதி அந்தக் கணினியிலேயே ஒட்டினாள். தாள் ஒட்டுவதில் அவளுக்கு அனுபவம் உண்டு.

செப்டம்பர் முதல் வாரம் அடுத்த சிக்கல். ஆளுக்கொரு பிரதி இருப்பதால் அர்ஜுனன் தன் கணினியில் ஒன்றைத் தயாரித்தான். ஃபாத்தின் தன் கணினியில் ஒன்றைத் தயாரித்தாள். இரண்டும் 18783. உள்ளே இருந்ததோ வேறு வேறு மென்பொருள். இரண்டும் தொழிற்சாலைக்குப் போயிருந்தால் எது எது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அண்ணன் கூட்டிப் பார்த்து, "ஒம்போது, ரெண்டு தடவை," என்று திருப்திப்பட்டார்.

அன்று ஃபாத்தின் ஒரு விதி போட்டாள். எண் கொடுப்பது பில்ட் மெஷின் மட்டும்தான். அதுவும் எல்லோருடைய திருத்தங்களும் வந்து சேரும் முதன்மைப் பிரதியிலிருந்து மட்டும். தன் மேசையில் தயாரிப்பவருக்கு வால் எண் பூஜ்யம். பூஜ்யத்தை எந்த இயந்திரமும் வாங்காது. எண்ணுக்குப் பக்கத்தில் அந்த நாற்பது இலக்கப் பெயரின் முதல் எட்டு இலக்கமும் இருக்கும். எண்ணைப் பிடித்துப் போனால் எந்தத் திருத்தம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

"எனக்கே பூஜ்யமா?" என்றான் அர்ஜுனன்.

"எனக்கும் பூஜ்யம்தான். கோவிச்சுக்காதே."

கேட்டவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எனக்கும் படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. ஆனால் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டாகப் பெட்டிகளுக்கு எண் சீட்டு ஒட்டுகிறேன். இரண்டு பெட்டிக்கு ஒரே சீட்டு ஒட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை, எல்லாத் திருத்தங்களும் முடிந்து பில்ட் மெஷின் கடைசியாக ஒன்றைத் தயாரித்தது. அம்மா கேட்ட எண்ணெல்லாம் அதற்குள் கடந்து போய்விட்டது. வந்த எண் 3.2.18794.

ஹைக்கல் இரண்டு நாள் அதை ஓட்டிப் பார்த்தான். இயந்திரங்கள் எல்லாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டன. ஓட்டைக் கையுறைகளை ஒழுங்காக ஒதுக்கின. வியாழக்கிழமை காலை, தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை மலேசிய தினம், தொழிற்சாலை விடுமுறை.

மிஸ்டர் ஊய் தாளைப் பார்த்தார். நான்கில் முடிகிறது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"எட்டாக்கு."

"நாலு தடவை ஏத்துனா 18798, பாஸ்," என்றார் புவனேஸ்வரன். மனக்கணக்கில் அவர் கெட்டி. "கூட்டுத்தொகை ஆறு. எனக்கும் ஓகே. ஃபாத்தின், நாலு ஸ்பேஸ் அடிச்சிரு."

"முடியாது அண்ணே."

"என்னம்மா, நாலே நாலு. நீ அடிக்காத ஸ்பேஸா?"

"அது பழசுல. அங்க நான் அடிச்சா உங்க பேர்ல போச்சு. இதுல அடிச்சா என் பேர்ல போகும். ஈமெயிலோட. கஸ்டமர் பார்ப்பான். அஞ்சு வருஷத்துல என் பேரு இப்பத்தான் முதல் தடவையா வெளிய தெரியுது. அது நாலு வெத்து இடமா இருக்க வேணாம். நீங்க வேணும்னா உங்க பேர்ல அடிங்க."

அண்ணன் கூரையைப் பார்த்தார். "எனக்கு... மேனேஜர் அடிச்சா நல்லா இருக்காது."

"அர்ஜுனன்?" என்றார் முதலாளி.

"பாஸ், நான் வேற கம்பெனிக்கு அப்ளை பண்ணா இதெல்லாம் பார்ப்பாங்க," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப நானே அடிக்கிறேன். எப்படி அடிக்கிறது?"

யாரும் சொல்லித்தரவில்லை. முதலாளியின் பெயரில் நான்கு வெற்றிடம் பதிவானால் அதைவிட மோசம் என்று அண்ணன் மெதுவாக எடுத்துச் சொன்னார். அதோடு, எண் மாறினால் ஹைக்கல் இரண்டு நாள் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். தொலைபேசியில் கேட்டார்கள். "நாளைக்குள்ள வரலன்னா அடுத்த மாசம்தான் பாஸ், லைன் நிறுத்த மாட்டாங்க," என்றான் அவன். அடுத்த மாதம் தர முடியாது. நாளைக்கே தருவதாக எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

"சரி. போகட்டும்," என்றார் மிஸ்டர் ஊய், பல்வலி வந்தவர் மாதிரி. "புவன், கையெழுத்துப் போடு."

புவனேஸ்வரன் அண்ணன் தாளைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். ஒன்பது ஆண்டாகக் கையெழுத்துப் போட்டவர். எந்த வேலையையும் தன் வேலையாக ஏற்றுக்கொள்ளத் தயங்காதவர்.

"பாஸ், கூட்டுத்தொகைல எனக்குப் பிரச்சனை இல்ல. ரெண்டுதான் வருது. ஆனா நாலு ஆகாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சொன்னதுக்கப்புறம் நான் எப்படிப் போடறது? அதோட செஞ்சது ஃபாத்தின்தானே. நியாயம்னு ஒண்ணு இருக்கு."

ஐந்து ஆண்டில் அந்த நியாயம் அன்று காலைதான் அவர் கண்ணில் பட்டது.

"நான் போடுறேன்," என்றாள் ஃபாத்தின்.

"உனக்கு நாலு பயமில்லையா?"

"வாலு முன்னைவிடப் பெருசா இருக்கா, வேற எதுக்கும் அந்த எண் இல்லாம இருக்கா, அவ்வளவுதான் பாஸ் எனக்கு. நாலுல முடிஞ்சா அடுத்தது அஞ்சு."

"நீ போட முடியாதே. கான்ட்ராக்ட் ஆளு போட்டா அவங்க வாங்க மாட்டாங்க."

ஒரு கெட்ட எண். அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். மூன்றையும் மிஸ்டர் ஊய் தன் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார். கதவைத் திறந்து அலுவலகக் கிளார்க் சுஹானாவைக் கூப்பிட்டார்.

"ஃபாத்தினுக்கு நிரந்தர நியமனக் கடிதம் ஒண்ணு டைப் பண்ணு. இன்னிக்குத் தேதி போடு. பதினொரு மணிக்குள்ள வேணும்."

"எந்த வேலைன்னு போடறது பாஸ்?"

"பொறுப்பாளர்," என்றார் அவர், தாளிலிருந்த கட்டத்தைப் பார்த்து.

ஐந்து ஆண்டில் தயாராகாத கடிதம் இருபது நிமிடத்தில் தயாரானது. அதை ஃபாத்தின் இரண்டு முறை படித்தாள். தன் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் தப்பாக இருந்ததைச் சுட்டிக்காட்டித் திருத்தவைத்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. பிறகு தொழிற்சாலைக்குப் போகும் தாளை எடுத்து, எண்ணைத் திரையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாள். அண்ணன் தன் பேனாவை நீட்டவில்லை. அந்தத் தாளுக்கு அவர் பேனாகூடப் போகக் கூடாது என்று நினைத்திருக்கலாம். சுஹானாவிடம் ஒரு பேனா வாங்கினாள்.

பொறுப்பாளர் கட்டத்துக்குள், வெளியே ஒரு கோடும் போகாமல், ஃபாத்தின் பிந்தி அப்துல் ரஹீம் என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தான் செய்த வேலையின் கீழே அவள் முதன்முதலாகப் பெயர் போட்டது 2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை.